சாறு பிழிந்தபின் எஞ்சும் காய்கறிச் சக்கையைப் பயன்படுத்தும் முறைகள்

வீட்டில் காய்கறிச் சாறு பிழிபவர்கள் அனைவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு கேள்வி, கருவியின் மறுபக்கத்தில் குவிந்திருக்கும் சக்கையை என்ன செய்வது என்பதாகும். பெரும்பாலோர் சாற்றைக் குடித்து முடித்தபின்னரே அதைப் பற்றி எண்ணுகிறார்கள். அதற்குள் கேரட், பீட்ரூட், இஞ்சி, கீரை, எலுமிச்சைத் தோல் எல்லாம் ஒன்றாகக் கலந்து, எந்தச் சமையலுக்கும் ஒத்துவராத கசப்பும் காரமும் கொண்ட கலவையாக அது மாறியிருக்கும். சக்கை உணவாகுமா உரமாகுமா என்பது காய்களைக் கழுவி, நறுக்கி, கருவியில் இடும் வரிசையை அமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே இக்கட்டுரை சமையல் குறிப்பிலிருந்து தொடங்காமல், சாறு பிழிவதற்கு முந்தைய வேலையிலிருந்து தொடங்குகிறது.

முதலில் சக்கையில் உள்ளது என்ன, இல்லாதது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிழியும்போது நீர், சர்க்கரை, பொட்டாசியம் போன்ற நீரில் கரையும் தாதுக்கள், வைட்டமின் சி ஆகியவற்றின் பெரும்பகுதி சாற்றோடு போய்விடுகிறது. எஞ்சுவது செல் சுவர்களால் ஆன நார்ச்சத்து. அதில் நீரில் கரையாத செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் மிகுதி. நீரில் கரையும் நாரான பெக்டினும் ஓரளவு தங்குகிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நீரில் கரைவதில்லை என்பதால் அதிலும் கணிசமான பங்கு சக்கையிலேயே நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை பற்றிய வழிகாட்டுதலில், பழச்சாற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரை வகையிலேயே சேர்த்தது. அதே நிறுவனம் 2023-இல், வயது வந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை உணவின் வழியாகப் பெற வேண்டும் என்று கூறியது. சாற்றை மட்டும் குடித்துச் சக்கையை எறிபவர், குறைக்க வேண்டியதை வைத்துக்கொண்டு கூட்ட வேண்டியதை விட்டுவிடுகிறார் என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது. அதே வேளையில், சத்து முழுவதும் சக்கையில்தான் இருக்கிறது என்று சொல்வதும் சரியன்று. அது நாரும் நிறமும் மிகுந்த, சுவை குறைந்த ஒரு சமையல் பொருள்; அப்படி மதித்துக் கையாண்டால் ஏமாற்றம் வராது.

பிழிவதற்கு முன் காய்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேர்க்காய்களின் மடிப்புகளில் தங்கும் மண் சாற்றில் வடிகட்டப்பட்டுவிடும். ஆனால் சக்கையில் அப்படியே இருந்து பல்லில் நறநறக்கும். சக்கையைச் சமைக்கப் போகிறோம் என்றால் கேரட்டின் தலைப்பகுதி, பீட்ரூட்டின் தடித்த தோல், கீரையின் முற்றிய தண்டு ஆகியவற்றை நீக்கிவிடுவது நல்லது. ஆப்பிள் சேர்ப்பவர்கள் நடுப்பகுதியையும் விதையையும் எடுத்துவிட வேண்டும். அவ்விதைகளில் உள்ள அமிக்டலின் என்ற பொருள், விதை நசுங்கி நீருடன் சேரும்போது சயனைடை வெளியிடக்கூடியது. எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ப்பதாயின் தோலுக்கும் சுளைக்கும் இடையே உள்ள வெள்ளைப் பகுதியைக் கூடியவரை நீக்க வேண்டும். சக்கையில் கசப்பு ஏறுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. செலரி போன்ற நீள்நார்த் தண்டுகளை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொண்டால், பின்னர் உணவில் நூல் போன்ற இழைகள் வாயில் சிக்காது.

அடுத்தது வரிசை. இதுவே இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை என்று கருதுகிறேன். கேரட், வெள்ளரி, பூசணி, ஆப்பிள் போன்ற மென்சுவைப் பொருள்களை முதலில் பிழிந்து, சக்கைக் கலத்தைக் காலி செய்து, தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும். பின்னர் பீட்ரூட்டைத் தனியாகப் பிழியலாம். அதன் நிறம் மற்ற அனைத்தையும் மூடிவிடும் என்பதால் அதை எதனுடனும் கலக்காதிருப்பது நல்லது. கீரைகளும் முட்டைக்கோஸும் மூன்றாவதாக வரட்டும். இஞ்சி, பூண்டு, மஞ்சள், எலுமிச்சை போன்ற கடுஞ்சுவைப் பொருள்கள் கடைசியில் வர வேண்டும். சாறு எப்படியும் ஒரே பாத்திரத்தில்தான் கலக்கப் போகிறது என்பதால் இந்த வரிசையால் சாற்றின் சுவை மாறுவதில்லை. கலத்தை மூன்று முறை காலி செய்யும் சிறு வேலை மட்டுமே கூடுகிறது. அதற்குப் பலனாக, ஒவ்வொரு சக்கையும் தனக்கு ஏற்ற உணவுக்குப் போகும் வாய்ப்பைப் பெறுகிறது.

சக்கையின் தன்மை கருவிக்குக் கருவி வேறுபடும். வேகமாகச் சுழலும் மையவிலக்கு ஜூஸர் ஈரம் மிகுந்த, துருவல் போன்ற சக்கையைத் தருகிறது. மெதுவாக நசுக்கிப் பிழியும் ஜூஸரில் சக்கை உலர்ந்தும் இறுகியும் வெளிவருகிறது. மிக்சியில் நீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டுபவர்களுக்குக் கிடைப்பது மிக நுண்ணிய, விழுது போன்ற சக்கை. கீழே கூறப்படும் அளவுகளில் நீரைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருப்பது இந்த வேறுபாட்டினால்தான். கையில் எடுத்து இறுக்கும்போது நீர் சொட்டினால் அது ஈரச் சக்கை என்று கொண்டு, சமையலில் நீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

சமைக்கும் முன் ஒரு சிட்டிகை சக்கையை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்க்க வேண்டும். இது உப்பு காரம் அறிவதற்காக மட்டுமன்று. வெள்ளரி, சுரைக்காய், பூசணி, சுக்கினி ஆகியவை சேர்ந்த குடும்பத்தில் சில காய்கள் இயல்புக்கு மாறாகக் கடுங்கசப்புடன் விளைவதுண்டு. அக்கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்ற நச்சு வயிற்றையும் குடலையும் கடுமையாகத் தாக்கும். வேகவைத்தாலும் அது அழிவதில்லை. அத்தகைய கசப்பு நாவில் பட்டவுடன் துப்பிவிட்டு, சக்கையோடு சாற்றையும் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். காயை நறுக்கும்போதே ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது. பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு. இந்த எச்சரிக்கை அதைக் குறிப்பதன்று.

நேரத்தைப் பொறுத்தவரை சக்கை முழுக் காயைப் போல் பொறுமையாக இருக்காது. செல்கள் உடைந்து, ஈரமும் எஞ்சிய சர்க்கரையும் காற்றுக்கு வெளிப்பட்டிருப்பதால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் அதை வைக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் 1 மணி நேரமே எல்லை. உடனே சமைக்க இயலாவிட்டால் மூடியிட்ட பெட்டியில் இட்டு, 4 டிகிரிக்கு மேற்படாத ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள், மிஞ்சினால் இரண்டாம் நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆப்பிள் கலந்த சக்கை பழுப்பாவது காற்றுப் படுவதால் ஏற்படும் நிறமாற்றமே. சில துளி எலுமிச்சைச் சாறு அதைத் தடுக்கும். புளித்த வாடை, வழவழப்பு, நுரை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதைச் சமையலறைக்குள் வைத்திருக்கக்கூடாது.

தினமும் சாறு பிழிபவர்களுக்கு ஃப்ரீசர் பெரிய துணை. ஒரு கப் அளவாகப் பிரித்துப் பைகளில் இட்டு, தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, உள்ளே இருப்பது எந்தக் காய், எந்தத் தேதி என்று எழுதி உறையவைத்தால், ஏறத்தாழ 3 மாதம் வரை சுவை குன்றாமல் இருக்கும். இஞ்சி, பூண்டுச் சக்கையை ஐஸ் கட்டித் தட்டில் ஒரு தேக்கரண்டி அளவாக உறையவைப்பது வசதியானது. உறைந்த சக்கை கரையும்போது நீர் விடும். அந்த நீரைக் கொட்டாமல் அதே உணவில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனிச் சமையலுக்கு வருவோம். சாறு எடுத்துச் சென்றவற்றைச் சக்கைக்குத் திருப்பிக் கொடுப்பதே இதில் கடைப்பிடிக்க வேண்டிய முறை. ஈரம் போயிருக்கிறது, ஆகவே நீரோ மோரோ தக்காளிச் சாறோ சேர்க்க வேண்டும். இனிப்பும் புளிப்பும் போயிருக்கின்றன, ஆகவே வதக்கிய வெங்காயமும் எலுமிச்சையும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கொழுப்பு எப்போதுமே இருந்ததில்லை. பீட்டா கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொழுப்பு தேவை என்பதால் எண்ணெயில் வதக்குவது சுவைக்கு மட்டுமல்லாமல் சத்துக்கும் நல்லது. துருவிய காய்க்குப் பதிலாகச் சக்கையை அப்படியே போட்டுச் செய்யும் உணவுகள் வறண்டு, மரத்தூள் போல நாவில் உறுத்துவதற்குக் காரணம் இந்தத் திருப்பிக் கொடுத்தல் நடவாததே.

முதல் முறையாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கட்லெட். இரண்டு கப் கேரட் சக்கைக்கு நடுத்தர அளவுள்ள இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு வெங்காயமும் போதும். வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, அதனுடன் சக்கையைச் சேர்த்து, பச்சை வாடை போகும் வரை 6 அல்லது 7 நிமிடம் மிதமான தீயில் கிளற வேண்டும். சக்கை அடிப்பிடித்தால் எண்ணெயைக் கூட்டாமல் இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளிக்கலாம். ஆறியபின் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, 3 மேசைக்கரண்டி ரொட்டித் தூள், முக்கால் தேக்கரண்டி உப்பு, விருப்பமான மசாலா, சிறிது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து 15 நிமிடம் மூடி வைக்க வேண்டும். இந்த இடைவெளியைத் தவிர்க்கக்கூடாது. நாரும் ரொட்டித் தூளும் ஈரத்தை உறிஞ்சி, கலவை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வது அப்போதுதான் நிகழ்கிறது. பின்னர் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம் வேகவைக்கலாம். தட்டும்போது உதிர்ந்தால் ஒரு முட்டையையோ, 3 மேசைக்கரண்டி நீரில் ஊறி வழவழப்பான ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைத் தூளையோ சேர்க்கலாம். கொத்திறைச்சி கொண்டு செய்யும் உருண்டைகளிலும் இறைச்சியின் கால் பங்கு வரை சக்கையைச் சேர்க்க இயலும்.

சூப்பில் சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நீரில் கரையாத நார் எத்தனை நேரம் கொதித்தாலும் கரையாது. மெத்தென்று ஆகும், அவ்வளவே. எனவே ஒரு கப் சக்கையை வெங்காயம், உருளைக்கிழங்கு அல்லது பருப்புடன் 4 கப் நீரில் 20 நிமிடம் வேகவைத்து, வெந்தபின் மீண்டும் ஒருமுறை மிக்சியில் நன்றாக அரைத்தால்தான் வழவழப்பு கிடைக்கும். தக்காளிக் குழம்புகளைக் கெட்டியாக்க அரை கப் சக்கை போதுமானது; அதற்கு மேல் போனால் குழம்பின் சுவை மங்கிவிடும்.

காய்கறி வடிநீர் தயாரிக்கவும் சக்கையைப் பயன்படுத்தலாம் என்றாலும், சுவையின் பெரும்பகுதி ஏற்கெனவே சாற்றில் போய்விட்டதால் சக்கையை மட்டும் கொதிக்கவைத்த நீர் மெலிந்தே இருக்கும். வெங்காயத் துண்டுகள், காளான் காம்புகள், மிளகு ஆகியவற்றுடன் சேர்த்து அரை மணி நேரம் மட்டும் கொதிக்கவிட்டு வடிகட்டுவதே பயன் தரும். முட்டைக்கோஸ் வகைச் சக்கையை இதில் சேர்க்க வேண்டாம். நெடுநேரம் கொதிக்கும்போது அதிலிருந்து கந்தக வாடை எழும்.

ரொட்டியும் கேக்கும் சுடுபவர்களுக்குச் சக்கை மிகவும் ஏற்றது. 250 கிராம் மாவு கொண்ட கேக்கில் ஒரு கப் கேரட் சக்கையைச் சேர்க்கலாம். வழக்கமான கலவையைவிடக் கூடுதலாக 4 மேசைக்கரண்டி பாலோ பழச்சாறோ விட வேண்டும். அன்று பிழிந்த சாற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கும் ரொட்டியில் 500 கிராம் மாவுக்கு 100 கிராம் சக்கை என்ற அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நார்த் துணுக்குகள் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதத்தின் வலையை ஆங்காங்கே அறுத்துவிடுவதால், சக்கை கூடக்கூட ரொட்டி உப்பும் அளவு குறைந்துகொண்டே போகும். மாவு பிசையும்போது நீரில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, சக்கை எவ்வளவு ஈரம் விடுகிறது என்று பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும்.

இங்கே நிறங்களின் வேதியியலும் குறுக்கிடுகிறது. பீட்ரூட்டின் சிவப்பு அமிலத்தில் நிலைக்கும், அமிலத்துக்கு எதிரான காரத்தில் (சமையல் சோடா போன்றவற்றில்) பழுப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். ஆகவே சமையல் சோடா மிகுந்த கேக்கில் பீட்ரூட் சக்கை சேர்த்தால் எதிர்பார்த்த சிவப்பு கிடைக்காது. பேக்கிங் பவுடரும் தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்த கலவையில் ஓரளவு நிற்கும். நீடித்த வெப்பமும் அந்நிறத்தைக் குறைக்கும் என்பதால் முழுச் சிவப்பை எவரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சிவப்பு முட்டைக்கோஸின் நிறம் காரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறிவிடும். உணவுக்கு இதனால் கேடில்லை. ஆனால் உண்பவருக்குத் தயக்கம் வரும். கேரட்டுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

மொறுமொறுப்பான உப்பு பிஸ்கட் செய்ய, 2 கப் சக்கையுடன் அரை கப் ஆளி விதைத் தூள், அரை கப் நீர், 2 மேசைக்கரண்டி எண்ணெய், அரை தேக்கரண்டி உப்பு, சிறிது எள் ஆகியவற்றைக் கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, ஓவன் தாளின்மேல் 3 மில்லிமீட்டர் கனத்தில் சீராகப் பரப்ப வேண்டும். கத்தியால் கட்டம் போட்டு, 150 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம் வரை, பாதி நேரத்தில் திருப்பிப் போட்டுச் சுட வேண்டும். ஓரம் கருகி நடுப்பகுதி மெத்தென்று இருந்தால் பரப்பிய கனம் சீராக இல்லை என்று பொருள். ஓவனை அணைத்தபின் அதனுள்ளேயே ஆறவிட்டால் எஞ்சிய ஈரமும் போய்விடும்.

இஞ்சிச் சக்கையைப் பாலில் நேரடியாகச் சேர்த்தால் பால் திரிந்துவிடக்கூடும். புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று பச்சை இஞ்சியில் உள்ளது. சக்கையை முதலில் நீரில் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்நொதி செயலிழந்துவிடும். அதன்பின் பால் சேர்க்கலாம். வெள்ளரிச் சக்கைக்குச் சமையலே தேவையில்லை. பிழிந்த அன்றே கெட்டித் தயிரில் உப்பும் மிளகும் சேர்த்துக் கலந்துவிட்டால் அது முடிந்தது.

நீண்ட நாள் வைத்திருக்க விரும்புவோர் சக்கையை உலர்த்திப் பொடியாக்கலாம். உலர்த்தும் கருவியிலோ, மிகக் குறைந்த வெப்பத்தில் கதவைச் சற்றுத் திறந்து வைத்த ஓவனிலோ, ஏறத்தாழ 57 டிகிரியில், மெல்லிய அடுக்காகப் பரப்பி 6 முதல் 10 மணி நேரம் வரை உலர்த்த வேண்டும். விரலால் நசுக்கும்போது வளையாமல் நொறுங்குவதே சரியான பதம். முழுவதும் ஆறியபின் கண்ணாடிக் குப்பியில் இட்டு, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பார்த்து, உட்புறத்தில் ஈரத்துளி தெரிந்தால் மீண்டும் உலர்த்த வேண்டும். அதன்பின்னரே அரைக்கலாம். இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. வெளிச்சம் பட்டால் கேரட் பொடியின் நிறம் வெளுக்கும். காற்றில் ஈரம் மிகுந்த பருவத்தில் வெயிலில் உலர்த்தும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சக்கை காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். இப்பொடியைச் சூப்பில் இரண்டு தேக்கரண்டியும், ரொட்டி மாவில் கப்புக்கு ஒரு மேசைக்கரண்டியும் சேர்க்கலாம்.

ஒரு முறையைக் கண்டிப்பாக விலக்க வேண்டும். பூண்டுச் சக்கையையோ வேறு காய்கறிச் சக்கையையோ எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பநிலையில் சேமிப்பது உயிருக்கே ஆபத்தானது. அமிலம் குறைந்த காய்கறி, காற்று புகாத எண்ணெய், மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை விளைவிக்கும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரும். நிறத்தாலோ மணத்தாலோ அதை எப்போதும் கண்டறிய முடியும் என்று நம்ப இயலாது.

நார்ச்சத்துக்குப் பழகாதவர்கள் சக்கையுணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, போதிய நீரும் பருக வேண்டும். இல்லையேல் வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் வரக்கூடும். கால்சியம் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பசலைக்கீரை, பீட்ரூட் சக்கைகளையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உட்கொள்பவர்கள் வைட்டமின் கே மிகுந்த கீரைச் சக்கைகளையும் தங்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே வழக்கமாக்க வேண்டும். நாய், பூனைகளுக்கு வெங்காயமும் பூண்டும் கலந்த சக்கையை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. அவை அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

உணவாக்க இயலாதது மட்டும் உரத்துக்குப் போகட்டும். நுண்ணிய துகள்களாக இருப்பதால் சக்கை மிக விரைவில் மட்கும். ஆனால் அதே நுண்மையால் அது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகி, காற்றுப் புகாமல் அழுகி, நாற்றமெடுக்கும். ஆகவே ஒரு பங்கு சக்கைக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு உலர்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் போன்ற கரிமம் மிகுந்த பொருளைக் கலந்து இட வேண்டும். கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25 அல்லது 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்தால் மட்குதல் சீராக நடக்கும். குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். நீர் ஒழுகினால் இன்னும் உலர்பொருள் தேவை. வாரம் ஒருமுறை கிளறிவிடுவது போதுமானது. மண்புழுப் பெட்டியில் இடுபவர்கள் மெல்லிய அடுக்காக, படுக்கைப் பொருளுக்கு அடியில் புதைத்து, முந்தைய அடுக்கு தின்று தீர்ந்தபின் அடுத்ததை இட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அது நொதித்துச் சூடேறி புழுக்களைக் கொன்றுவிடும். எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, காரமான மிளகாய் ஆகியவற்றின் சக்கையை அப்பெட்டியில் தவிர்ப்பது நல்லது. மட்காத சக்கையைச் செடிகளின் வேரடியில் நேரடியாகக் கொட்டுவதும் வேண்டாம். அது ஈக்களை வரவழைக்கும். தொட்டியின் மேற்பரப்பில் பூஞ்சையும் படரும்.